இரண்டு லாம்டா

வோலோஸ் நகரத்தில், கோடைக்கு மட்டும் திறக்கும் திரையரங்கு.
கூரை கிடையாது. சரளைக்கல் தரை, துணி நாற்காலி.
திரை என்பது அடுத்த குடியிருப்பின் வெள்ளையடித்த சுவர்;
அதற்கு மேலே அடுக்கடுக்காக அவர்களுடைய பால்கனிகள்.
ஏழு யூரோ கொடுத்தேன்.
ஸ்மாரோ பூசணி விதைப் பொட்டலத்தோடு வந்தாள்.

படம் எங்களைப் பற்றியதாம்.
ராணுவம் ஆண்ட அந்த ஏழு வருஷத்தைப் பற்றியதாம்.
சுவரொட்டியில் ஒரு துப்பாக்கி,
முதுகு காட்டி நிற்கும் ஒருவன், மழை.

முதல் காட்சியிலேயே பிடித்த மழை
இடைவேளை வரை விடவில்லை.
அண்ணனைக் கொண்டுபோன ஆகஸ்டில்
குழாயில்கூடத் தண்ணீர் வரவில்லை.
கழுவாத தட்டுகளோடுதான் போலீஸ் எங்கள் சமையலறையைப் பார்த்தது.
அம்மாவுக்கு அந்த வெட்கம் சாகும்வரை தீரவில்லை.

விசாரணை அறையில் விளக்கு ஆடுகிறது.
ஏன் ஆடுகிறது?
ஜன்னலே இல்லாத அறையில் காற்று எப்படி வந்தது?
கேட்டேன். ஸ்மாரோ ஒரு விதையைக் கடித்தாள்.
அதிகாரியின் கன்னத்தில் நீளமாக ஒரு தழும்பு,
கெட்டவன் என்று நாம் மறந்துவிடக் கூடாதல்லவா.
தட்டச்சு இயந்திரம் எழுத்துக்கு எழுத்து
ஈஸ்டர் இரவு வெடி மாதிரி அதிர்கிறது.

நான் அந்த அறைக்குப் போயிருக்கிறேன். பதினேழு வயது.
தட்டச்சு செய்தவன் மெல்லத்தான் தட்டினான்,
இரண்டே விரலால், பழுது பார்ப்பவன் போல.
குடும்பப் பெயர் கல்லெர்கிஸ் என்றேன்.
"ஒரு லாம்டாவா, இரண்டா?"
காதுக்கு ஒன்று, எழுத்துக்கு இரண்டு.
இரண்டு என்றேன்.
நன்றி என்றுகூடச் சொன்னான்.
ஒன்றுதான் அடித்தான்.

ஒரு லாம்டா ஸ்தமாதிஸ் கைதானான்,
தீவுக்குப் போனான்,
ஒற்றை நுரையீரலோடு கப்பலில் திரும்பினான்.
இரண்டு லாம்டா ஸ்தமாதிஸுக்கு
அப்படி எதுவும் நடந்ததாகப் பதிவில்லை என்று
இழப்பீட்டு அலுவலகம் மூன்று முறை எழுதியது.
நான்காம் கடிதத்துக்குக் கையெழுத்துப் போட அவன் இல்லை.
நான் போட்டேன். இரண்டு லாம்டா.

திரையில், செத்தவனின் தம்பி வளர்ந்துவிட்டான்.
மோட்டார் சைக்கிள், தோல் சட்டை.
இரண்டே கதவு தட்டி எதிரியைக் கண்டுபிடிக்கிறான்.
(எங்களுக்குத் தேடவே வேண்டியிருந்ததில்லை.
ரொட்டிக் கடை வரிசையில் அவர்கள் நமக்கு முன்னால் நிற்பார்கள்.)
மறுபடி மழை.
துப்பாக்கியை நீட்டியபடி வசனம் பேசுகிறான்.
பேசிக்கொண்டே இருக்கிறான்.

அப்போது திரைக்கு நேர் மேலே
மூன்றாம் மாடியில் விளக்கு எரிந்தது.
அனெஸ்திஸ் வந்தான். பனியன், கிழட்டுத் தோள்கள்.
காய்ந்த துணியை எடுக்க ஆரம்பித்தான்,
ஒவ்வொரு கிளிப்பாக,
அதே இரண்டு விரலால்.

"விளக்கை அணை!" என்று இளசுகள் கத்தினார்கள்.
அவர்களுக்கு அவன் யாரோ ஒரு தாத்தா.
நரைத்த தலைகள் மட்டும் சத்தமில்லாமல் நிமிர்ந்தன.
பிடி நழுவி ஒரு காலுறை விழுந்தது,
கதாநாயகனின் நெற்றி வழியாக, மூக்கு வழியாக,
என் காலடிக்கு.
"மன்னிக்கணும்," என்றது மேலே குரல்.
விளக்கு அணைந்தது. ஆள் உள்ளே போகவில்லை.
சிகரெட் முனை ஒன்று
கடைசிவரை எங்களோடு படம் பார்த்தது.

துப்பாக்கி வெடித்ததை நான் கவனிக்கவில்லை.
யார் செத்தது என்று ஸ்மாரோவைக் கேட்டேன்.
அவளும் பார்க்கவில்லை.

சாம்பல் நிறக் காலுறை.
குதிகாலில் நீல நூலால் தையல், அவனே போட்டதாக இருக்கும்.
எடுத்து வேலிக் கம்பியில் மாட்டினேனா,
மிதித்துக்கொண்டு போனேனா,
ஸ்மாரோவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.
அதை மட்டும் அவள் பார்த்தாள்.